மூன்றாம் பாட்டில் ஒரு திக்கல்

பிப்ரவரி 10, திங்கள்

இன்று முதல் இந்த நோட்டு பழுதுப் பதிவேடு. பம்பு கம்பெனியில் முப்பத்தாறு வருடம், பம்புகளை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச்சில் நின்றவன் நான். எந்தப் பழுதானாலும் மூன்று கட்டம் போட்டு எழுத வேண்டும்: பழுது, காரணம், பொறுப்பு. அங்கே அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான்தான். டிப்ளமோ படித்து வந்தவர்கள் முதல் இரண்டு கட்டத்தை நிரப்புவார்கள், மூன்றாவதைக் காலியாக விட்டுவிடுவார்கள். அவர்களுக்குத்தான் பதவி உயர்வும் கிடைத்தது. அது கிடக்கட்டும்.

பழுது: என் கம்ப்யூட்டரில் இரண்டு மானிட்டர். வலது பக்கம் என்னுடையது, புதியது, தீபாவளி கழித்து வாங்கியது. இடது பக்கம் என் மனைவி மயிலாத்தாளுடையது. மகள் சுகந்தி வீட்டில் ஓரங்கட்டிய பழைய மானிட்டர். சென்னையிலிருந்து கோவை வரை ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். இடது திரையில் வீடியோ ஓடினால் படம் திக்குகிறது. பாட்டு நிற்காமல் போகிறது. படம் மட்டும் ஒரு கணம் நின்றுவிட்டு, பிறகு ஓடிப்போய்ப் பாட்டோடு சேர்ந்துகொள்கிறது.

காரணம்: தெரியவில்லை.

பொறுப்பு: இடது மானிட்டர். (சந்தேகம்தான், ஆனால் பலமான சந்தேகம்.)

கம்ப்யூட்டர் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுகிறது. வாத்தியார் இல்லாமல், வகுப்பு இல்லாமல், நான்கு தடவை எல்லாவற்றையும் அழித்து அழித்துப் போட்டு நானாகக் கற்றுக்கொண்டது. மருமகன் ஜெகதீசன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார். போன வருடம் சாப்பாட்டு மேசையில், எல்லோர் முன்னாலும், "எதுக்குங்க மாமா இந்தத் தொந்தரவு? ஒரு டேப்லெட் வாங்கிக்குங்க" என்றார். டேப்லெட்டாம். அவரிடம் இதைப் பற்றிக் கேட்கப்போவதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மயிலாத்தாளுக்கு எதற்கு வீடியோ என்றால், வள்ளி கும்மி. அறுபத்தேழு வயதில் சேர்ந்திருக்கிறாள். மார்ச் 16, மாகாளியம்மன் கோயில் திடலில் அரங்கேற்றம். முட்டிவலிக்காரி, அதனால் புதனும் ஞாயிறும் மட்டும் பயிற்சிக்குப் போகிறாள். மற்ற நாட்களில் ஆசிரியர் குமரவேல் அனுப்பும் வீடியோவைப் போட்டு ஹாலில் தனியாக ஆடுகிறாள். போனில் பார்த்தால் ஆட்களெல்லாம் எறும்பு மாதிரி இருக்கிறார்களாம். கும்மி பற்றி நான் கருத்து எதுவும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

சோதனை 1. மயிலாவின் மானிட்டரைப் பிடுங்கிவிட்டு வீடியோவை என் திரையில் ஓட்டினேன். தண்ணீர் போல ஓடியது. திரும்பச் செருகினேன். திக்கியது. ஆக, குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது.

"தெரிஞ்சு போச்சு மயிலா. உன்ற மானிட்டருதான்."

"அது என்னுங்க பண்ணும், பாவம். சுகந்தி ஊட்டுல எட்டு வருசம் ஓடியிருக்குது, ஒரு பேச்சு வாங்கினதில்ல."

மானிட்டருக்குப் பரிந்து பேசுகிறாள்.

பிப்ரவரி 12, புதன்

காந்திபுரம் போய் இடது மானிட்டருக்குப் புது கேபிள் வாங்கினேன். கடைக்காரப் பையன், "இன்னும் இந்த மாதிரி கேபிள் கேக்கறவங்க நீங்க ஒருத்தருதாங்க சார்" என்றான். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். கேபிள் மாற்றியும் திக்கல் போகவில்லை. வரும் வழியில் ராகி அரைத்து வந்தேன்.

மாலையில் ஆசிரியர் மூன்றாம் பாட்டின் வீடியோவை அனுப்பியிருக்கிறார். நாற்பது பேர் வட்டமாக நின்று கொட்டிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் அத்தனை பேரும் சட்டென்று வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். கஷ்டமான பாட்டு என்றாள் மயிலா. அப்படி ஒன்றும் கஷ்டமாகத் தெரியவில்லை எனக்கு. திரும்புவதுதானே.

பிப்ரவரி 13, வியாழன்

கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவரை, அதாவது திரைக்குப் படம் அனுப்பும் மென்பொருளை, மாற்றினேன். இரண்டு திரையும் கறுத்துவிட்டன. காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை கறுப்பு. மயிலாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கறுப்புத் திரைக்கு முன்னால் நின்று நான்கு தட்டுத் தட்டினாள்.

"இப்பொ திக்கவே இல்லீங்க. நெம்ப நல்லாருக்குது."



பிப்ரவரி 14, வெள்ளி

பழைய டிரைவரைத் திரும்பப் போட்டு, மூன்று அமைப்புகளை மாற்றியதில் பெரிய முன்னேற்றம். சின்னச் சின்னத் திக்கல் போய்விட்டது. எண்பது சதவீதம் சரி. மயிலாவைக் கூப்பிட்டு முறைப்படி அறிவித்தேன்:

"மெசின் சரியாயிருச்சு. இனிமே தெரையில என்ன வருதோ, அதுதான் ஆட்டம். அதைப் பாத்து ஆடு."

"அப்புடீங்களா? சரிங்க."

மூன்றாம் பாட்டை மாலை முழுக்க ஆடினாள். நான் காலனியின் குழாய்ப் படத்தை வரைந்துகொண்டிருந்தேன். எந்தத் தெருவில் எந்தக் குழாய் போகிறது என்று இந்தக் காலனியில் யாருக்கும் தெரியாது. படம் வரைந்து தருகிறேன் என்று சங்கச் செயலாளரிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் "ஆகட்டுங்க சார்" என்றார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பயிற்சியிலிருந்து வந்தவள் நேரே அடுப்படிக்குப் போனாள். ராகிக் களி கிண்டினாள். கட்டி தட்டியிருந்தது. மயிலாத்தாள் கிண்டிய களியில் கட்டி தட்டி நாற்பத்தைந்து வருடத்தில் பார்த்ததில்லை.

எதிர்வீட்டு லோகாம்பாளும் அதே குழுவில் ஆடுகிறாள். வாசலில் வைத்து அவள்தான் சொன்னாள்: "மூணாம் பாட்டுல திரும்பற எடத்துல அக்கா மட்டும் நின்னு நின்னு திரும்பறாங்கண்ணா. பின்னால வர்ற நான் போயி இடிச்சுக்கறேன். இன்னைக்கு மூணு தடவ இடிச்சுட்டேன்."

எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குறிப்புக்காக எழுதுகிறேன்.

பிப்ரவரி 17, திங்கள்

லினக்ஸ்காரர்கள் கூடும் இணைய மன்றத்தில் என் பழுதைப் பதினான்கு குறிப்புகளாக எழுதிப் போட்டேன். ஒரே ஒருவர் பதில் போட்டார். "உங்களுக்கு இரண்டு மானிட்டர் எதற்கு?" என்று கேட்டிருந்தார்.

உங்களுக்கு இரண்டு கண் எதற்கு என்று எழுதிவிட்டு, பிறகு அழித்துவிட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

ஆட்டோ கிடைக்கவில்லை என்பதால் மயிலாவை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். உடனே திரும்பியிருப்பேன். டயரில் காற்று குறைந்த மாதிரி இருந்தது. கோயில் திடலின் கேட்டருகே நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் இரண்டு பாட்டு நன்றாக ஆடினாள். இதை நடுநிலையோடு சொல்கிறேன். கையைத் தட்டும்போது விரல்கள் பிரியாமல் விழுகின்றன, லோகாம்பாளுக்கு அது வரவில்லை. மூன்றாம் பாட்டில் அந்தத் திருப்பம் வந்தது. முப்பத்தொன்பது பேர் திரும்பினார்கள். மயிலாத்தாள் பாதி திரும்பி, ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு ஒரு குதி குதித்துப் போய் வட்டத்தோடு சேர்ந்துகொண்டாள். லோகாம்பாள் இடித்தாள்.

அந்த நிற்றலை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

குமரவேல் நல்ல மாதிரியான ஆள். நாற்பது வயதிருக்கும். சத்தம் போடவில்லை. பக்கத்தில் வந்து, "அம்மா, அடுத்த மாசம் ஒம்பதாந் தேதி வரைக்கும் பாப்போமுங்க. வரலைன்னாப் பரவால்லீங்க, பாட்டுக்காரங்க பக்கத்துல நின்னு தாளம் போடலாம். அதுவும் நம்ம குழுதானுங்க" என்றார்.

"ஆகட்டுங்க தம்பி" என்றாள்.

வரும்போது ஸ்கூட்டரில் என் தோளைப் பிடிக்கவில்லை. பின்னாலிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

சோதனை 11. மூன்றாம் பாட்டை மட்டும் பத்தொன்பது தடவை ஓட்டினேன். கையை மட்டும் தட்டும் இடங்களில் திக்கல் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டு நிமிடம் நாற்பது வினாடியில் நாற்பது சேலையும் சேர்ந்து சுழலும் இடத்தில், முழுப் படமும் அசையும்போது, கம்ப்யூட்டர் மூச்சு வாங்குகிறது. பத்தொன்பது தடவையும் அதே இடம்.

சும்மா உட்கார்ந்து பார்த்தால் பின்தங்கும் அளவு சரியாகத் தெரியவில்லை. பம்பைச் சோதிக்க வேண்டுமென்றால் தண்ணீர் விட்டுத்தான் சோதிக்க வேண்டும். எனவே எழுந்து நின்று, கூடவே தட்டிக்கொண்டு, அந்த இடத்தில் திரும்பிப் பார்த்தேன். மயிலாத்தாள் மாவு மில்லுக்குப் போயிருந்தாள். ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் செய்தேன். நாற்பது, ஐம்பது தடவை தட்டிப் பார்த்ததில் அரைத் தட்டுப் பின்தங்குகிறது.

பிப்ரவரி 22, சனி

மூன்று நாளாக மயிலாத்தாள் ஆடவில்லை. ஹாலில் தள்ளி வைத்திருந்த டீப்பாய் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அரங்கேற்றத்துக்கு என்று நாற்பது பேரும் ஒரே நிறத்தில் எடுத்த சேலை, பச்சையில் சிவப்புக் கரை, பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விட்டது. அடித்தட்டில் கம்பளியும் என் பழைய யூனிஃபார்மும்தான் இருக்கும்.

"ஏம்புள்ள, வீடியோ போடட்டுமா?"

"வேண்டாமுங்க. காலுக்குச் சொன்னாக் கேக்கமாட்டீங்குது. வயசாயிப் போச்சுங்க, அவ்வளவுதான்."

"முட்டி வலிக்குதா?"

"வலி இல்லீங்க. புத்திக்கு எட்டமாட்டீங்குது. தாளம் போடறதுக்குப் போறேன், அதுக்கென்ன."

இடது மானிட்டரைப் பிடுங்கித் துடைத்துச் செருகினேன். கீரை ஆய்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"ஏனுங்க, பத்து நாளா என்றதையே புடுங்கிப் புடுங்கிச் சொருகறீங்களே. உங்களுத ஒருக்கா புடுங்கிப் பாத்தீங்களா?"

"என்றது புதுசு."

"புதுசுன்னாப் புடுங்க வராதுங்களா?"

அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது.

பிப்ரவரி 23, ஞாயிறு

பயிற்சிக்குப் போனாள். பாட்டுக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்ததாக லோகாம்பாள் சொன்னாள்.

மருமகன் போன் செய்தார். மயிலாத்தாள் மகளிடம் உளறியிருக்கிறாள்.

"மாமா, படம் திக்குதாமுங்களே? ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், ரெண்டு மானிட்டரும்..."

"உங்க அத்தைகிட்டக் குடுக்கறேன் மாப்பிள்ளை. அவதான் பேசோணும்னு நிக்கறா."

மயிலாத்தாள் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

மயிலாத்தாள் லோகாம்பாள் வீட்டுக்கு வடகம் போடப் போன நேரத்தில் சோதனை 16. என் மானிட்டரைப் பிடுங்கினேன். வேறு காரணம் இல்லை. எல்லாச் சோதனையும் செய்து முடிப்பது என் பழக்கம்.

மூன்றாம் பாட்டு, இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. நாற்பது சேலையும் ஒரே வீச்சில் திரும்பின. திக்கல் இல்லை.

முடிவு தெளிவாக இல்லை. மறுபடி செய்தேன். நான்கு தடவை செய்தேன். நான்கு தடவையும் தெளிவாக இல்லை.

பிப்ரவரி 26, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. பயிற்சிக்கு மயிலாத்தாள் போகவில்லை. கேட்டதற்கு, தாளம் போடுவதற்கு என்ன பயிற்சி என்றாள்.

பிப்ரவரி 27, வியாழன்

சம்பந்தமில்லாமல் ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்தது. எழுதி வைக்கிறேன்.

எண்பத்தேழில் உடுமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் எங்கள் பம்பு அதிர்கிறது என்று புகார். ஒரு கிணற்றில் இரண்டு பம்பு, இரண்டும் போய்ச் சேர்வது ஒரே குழாயில். பழையது நிதானமாக ஓடுவது. பக்கத்தில் தோட்டத்துக் கவுண்டர் புதிதாக வாங்கி வைத்தது வேகமாக ஓடுவது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் பழையது கிடுகிடுவென ஆடி, சூடாகி, தண்ணீர் எடுக்காமல் நின்றுவிடும். பழசைத் தூக்கிப் போடுங்கள் என்று டிப்ளமோக்காரர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் போனேன். புதியதை நிறுத்தினேன். பழையது சத்தமில்லாமல் ஓடியது. "பழசு மேல தப்பில்லீங்க கவுண்டரே, ஒரே குழாயில ரெண்டு வேகம் விட்டா மெதுவா ஓடறதைத்தான் அது அமுக்கும்" என்று சொல்லி, புதியதன் வேகத்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் ஒரு தார் பூவன் கொடுத்தார்.

பதிவேட்டில் மூன்றாம் கட்டத்தில் புதிய பம்பின் பெயரைத்தான் எழுதினேன்.

நன்றாகத் தூங்கவில்லை. கொசு.

பிப்ரவரி 28, வெள்ளி

ஒவ்வொரு மானிட்டரும் ஒரு வினாடிக்கு இத்தனை தடவை என்று படத்தைப் புதுப்பிக்கிறது. மயிலாவுடையது அறுபது தடவை. அதற்குமேல் அதனால் முடியாது. என்னுடையதன் அட்டைப்பெட்டியில் எழுபத்தைந்து என்று பெரிதாக அச்சடித்திருந்தது. வாங்கி மாட்டியதும் பார்த்தால் அறுபதில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபம் சொல்ல முடியாது. நேம் பிளேட்டில் எந்த வேகம் போட்டிருக்கிறதோ அந்த வேகத்தில் ஓடாத எந்த மோட்டாரையும் நான் டெஸ்ட் பெஞ்ச்சைத் தாண்டி விட்டதில்லை. இரண்டு நாள் போராடி எழுபத்தைந்தாக்கினேன். கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறை எழும்போதும் படிக்கும் கோப்பில் அந்த உத்தரவை எழுதி வைத்தேன்.

இன்று அந்தக் கோப்பைத் திறந்தேன். உத்தரவுக்கு மேலே என் குறிப்பு ஒன்றும் இருந்தது:

"பெட்டியில் 75 என்று போட்டிருக்கிறது. 75 தான் ஓட வேண்டும். யாரும் தொடக் கூடாது. நாச்சிமுத்து. நவம்பர் 9."

இந்த வீட்டில் அதைத் தொடக்கூடியவர் வேறு யார் என்று நினைத்து எழுதினேனோ தெரியவில்லை.

எண்ணை அழிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பேக்ஸ்பேஸ் பட்டன் கொஞ்சம் இறுக்கம். 60 என்று போட்டேன். இரண்டு திரையையும் சேர்த்து ஓட்டினேன். இடது பக்கம் கும்மி, வலது பக்கம் என் குழாய்ப் படம். மூன்றாம் பாட்டு, அந்த இடம். திக்கவில்லை. பன்னிரண்டு தடவை பார்த்தேன். என் குழாய்ப் படத்தில் எழுபத்தைந்துக்கும் அறுபதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

மார்ச் 1, சனி

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன்.

"மயிலா, மூணாம் பாட்டைப் போடறேன், வந்து நின்னு பாரு."

"எனக்கு எதுக்குங்க இனி? அந்தத் துணியை மடிக்கோணும்."

"துணி ஓடியா போகுது? வா புள்ள."

வந்தாள். டீப்பாயை நானே தள்ளி வைத்தேன். போட்டேன். அந்த இடம் வந்தது. நாற்பது சேலையும் திரும்பின. மயிலாத்தாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்கா போடுங்க."

போட்டேன்.

"ஏனுங்க... இவங்க அந்த எடத்துல நிக்கறதில்லீங்களா?"

"நிக்கறதில்ல."

"நின்னு திரும்போணும்னு நெனச்சுட்டிருந்தனுங்க நானு!"

"வாத்தியாரு சொல்லலையா நிக்கறதில்லேன்னு?"

"சொன்னாருங்க. அவருக்கு நாலு ஊர்ல வகுப்பு, எந்தப் பாட்டுல எங்க நிக்கறதுன்னு மறந்துட்டாராட்ட இருக்குதுன்னு விட்டுட்டனுங்க."

"வாத்தியாரே மறந்துட்டாருன்னு நெனச்சியா?"

"பின்னென்னுங்க? நீங்கதான சொன்னீங்க, மெசின் சரியாயிருச்சு, தெரையில வர்றதுதான் ஆட்டம்னு. நீங்க சரி பண்ணிட்டீங்கன்னா அது சரியாத்தான இருக்கும்? ஒவ்வொருக்காலும் அதே எடத்துல நிக்குது, அப்பொ ஆட்டமே அப்புடித்தான்னு புடிச்சுட்டேன்."

மோர் எடுத்துக் குடித்தேன். கொஞ்சம் புளித்திருந்தது.

பிறகு எழுபத்தைந்து, அறுபது கதை உட்படச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இடது மானிட்டர் மேல் தப்பில்லை, அவள் கால் மேல் தப்பில்லை, புத்தி மேலும் இல்லை என்று சொன்னேன். அப்புறம் மூன்று வார்த்தை சொன்னேன். அவை என்னவென்று இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

"என்னுங்க சொன்னீங்க? காதுல விழுகலையே. இன்னொருக்கா சொல்லுங்க."

அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். மூன்று வீடு தள்ளிக் குக்கர் விசில் அடித்தால் எண்ணுவாள்.

"ஒருக்காதான் சொல்லுவேன்."

"சரிங்க, ஒருக்கா போதும்" என்று சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

மார்ச் 3, திங்கள்

படம் சரியாகிவிட்டது, கால் சரியாகவில்லை. கண் பார்க்கிறது, கை தட்டுகிறது, அந்த இடம் வந்ததும் வலது கால் பழைய உத்தரவைத்தான் கேட்கிறது. நின்றுவிட்டுத்தான் திரும்புகிறது. மயிலாத்தாள் காலைப் பார்த்துத் திட்டுகிறாள்: "ஏ, கொழுப்பெடுத்த காலே!"

இன்னும் ஆறு நாள்.

மார்ச் 5, புதன்

எதிரில் ஓர் ஆள் நின்றால் சரியாக வரும் என்கிறாள். வட்டத்தில் எதிரில் நிற்பவரைப் பார்த்துத்தான் திரும்புவார்களாம். லோகாம்பாளைக் கூப்பிடச் சொன்னேன். அவள் இடிப்பாள் என்றாள். வேறு ஆள் இல்லாததால் நான் நின்றேன். சும்மா நிற்பதற்குத்தான் ஒப்புக்கொண்டேன். சும்மா நின்றால் உதவாது, தட்ட வேண்டும் என்றாள். தட்டினேன். தட்டிவிட்டு அப்படியே நின்றால் உதவாது, திரும்ப வேண்டும் என்றாள்.

"பரவால்லீங்களே, அடவெல்லாம் தெரியுதே உங்களுக்கு? எங்க கத்தீங்க?"

"சோதனைக்காகப் பாத்தது."

"சன்னலைச் சாத்திட்டுப் பாத்தீங்கன்னு லோகா சொன்னா."

லோகாம்பாளுக்கு வேறு வேலை இல்லை.

மார்ச் 7, வெள்ளி

தண்ணீர் வந்தது, தொட்டி நிரம்பியது. மூன்றாம் பாட்டு, பத்துக்கு ஆறு தடவை சரி.

மார்ச் 8, சனி

பத்துக்கு எட்டு. சேலை பீரோவின் மேல்தட்டுக்கு வந்துவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

ஸ்கூட்டரில் போனோம். என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கொஞ்சம் அழுத்தமாகவே பிடித்தாள்.

திடல் கேட்டருகே ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் பாட்டு தொடங்கியதும் துடைப்பதை நிறுத்தினேன். திருப்பம் வந்தது. நாற்பது பேரும் திரும்பினார்கள். லோகாம்பாள் இடிக்கத் தயாராக வந்தவள், இடிக்க ஆள் இல்லாமல் தடுமாறினாள்.

குமரவேல் இன்னொரு தடவை ஆடச் சொன்னார். அதுவும் சரியாக வந்தது. மூன்றாவது தடவையும் சொன்னார். நான் துணியை முறுக்கிக்கொண்டு நின்றேன். அதுவும் சரி.

"அம்மா, வட்டத்துலயே நில்லுங்க. இனி எங்கயும் போகாதீங்க" என்றார். "எப்புடீங்க ரெண்டு வாரத்துல இப்படி மாறுச்சு?"

"எங்க ஊட்டுக்காரரு எழுபத்தஞ்சுல இருந்து அறுபதுக்கு எறங்கி வந்துட்டாருங்க தம்பி."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். என் வயதைச் சொல்கிறாள் என்று நினைத்தார்களோ என்னவோ. எனக்கு எழுபத்தொன்றுதான்.

மார்ச் 15, சனி

சுகந்தியும் மருமகனும் வந்திறங்கினார்கள். மருமகன் பையை வைத்ததும் கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றார்.

"ரெண்டும் அறுபதுல இருக்குதே! இதைத்தானுங்க மாமா அன்னைக்குக் கேக்க வந்தேன். நீங்க அத்தைகிட்டக் குடுத்துட்டீங்க."

"நானாவே கண்டுபுடிச்சேன் மாப்பிள்ளை."

"தெரியுமுங்க மாமா. எங்க ஆபீசுல இதையே கண்டுபுடிக்க மூணு பேரு ஒரு வாரம் உக்காந்திருந்தாங்க."

நல்ல பையன். டேப்லெட் விஷயத்தில் அவர் பேச்சு வேறு அர்த்தத்தில் இருந்திருக்கலாம்.

மார்ச் 16, ஞாயிறு

அரங்கேற்றம். மாலை ஐந்தரைக்குத் தொடங்கியது. மாகாளியம்மன் திடலில் நிற்க இடமில்லை. நாற்பது பச்சைச் சேலை, சிவப்புக் கரை, காலில் சலங்கை. இரண்டாவது வரிசையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை, பின்னால் மறைக்கிறது என்று சொன்னவர்களையும் பொருட்படுத்தவில்லை.

மூன்றாம் பாட்டு வந்தது. கூட்டமே கை தட்டிக்கொண்டிருந்தது, நானும் தட்டினேன். அந்த இடம் நெருங்கியது. மயிலாத்தாள் என் பக்கமாக வந்துகொண்டிருந்தாள். திரும்பினாள். நிற்கவில்லை. முப்பத்தொன்பது பேரோடு நாற்பதாவது ஆளாக, எந்தச் சேலை அவளுடையது என்று கண்டுபிடிக்க முடியாதபடி திரும்பினாள். டெஸ்ட் பெஞ்ச்சில் முப்பத்தாறு வருடம் நின்றிருக்கிறேன். இவ்வளவு சுத்தமாக ஒன்று ஓடி நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் கவனித்தேன். கூட்டம் முழுக்க ஒரே தட்டாகத் தட்டி ஓய்ந்த பிறகு, ஒற்றைக் கைத்தட்டு ஒன்று தனியாகப் பின்னால் விழுந்தது. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் அதே மாதிரி, அரைத் தட்டுத் தள்ளி.

மருமகன் என் காதருகே குனிந்தார்.

"மாமா, நீங்க திக்கறீங்க."

நாற்பது, ஐம்பது தடவை அந்தப் பழுதோடேயே பார்த்துத் தட்டியவன் நான். வீடியோவைச் சரிசெய்தேன், மயிலாவின் காலைச் சரிசெய்தேன், என் கையை யாரும் சோதிக்கவில்லை. வட்டத்திலிருந்து மயிலாத்தாளும் கேட்டுவிட்டாள். திரும்பிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். தாளம் தப்பாமல் சிரித்தாள்.

மார்ச் 17, திங்கள்

பதிவேட்டை முடிக்கிறேன்.

பழுது: நீங்கியது.

காரணம்: ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு வேகம்.

பொறுப்பு: வலது மானிட்டர்.

மேலே எழுதியதை அடித்துவிட்டேன். பொறுப்பு: நாச்சிமுத்து.

வரும் ஞாயிற்றுக்கிழமை புது அணிக்குப் பயிற்சி தொடங்குகிறதாம். ஆண்களும் சேரலாமாம். மயிலாத்தாள் என்னைக் கேட்காமலேயே குமரவேலிடம் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். "கையில ஒரு சின்னப் பழுது இருக்குது, சரி பண்ணிக் குடுங்க" என்று சொன்னாளாம். எழுபத்தொரு வயதில் திடலில் நின்று கும்மி கொட்ட எனக்கு வேறு வேலை இல்லையா? போகமாட்டேன் என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டேன்.

இரண்டு வேட்டியை இஸ்திரிக்குக் கொடுத்தேன். சனிக்கிழமைக்குள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.